கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் கொடியை ஏன் இருட்டில் வைத்திருக்கிறார்கள்?

கடலோரவாசி:
போன வாரம் பிள்ளைகளோடு செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் போனோம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடியைக் காட்டத்தான் போனதே. 12 அடிக்கு 8 அடி, பட்டுக்கொடி, பார்க்க வேண்டிய பொருள்தான், ஆனால் அறையில் வெளிச்சமே இல்லை, "கரண்ட் போயிடுச்சா?" என்று சின்னவள் கேட்டாள். நல்ல விளக்கு போட என்ன கேடு? 3,500 பொருளுக்கு மேல் இருக்கிறதாம், எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்திலாவது போடலாம் அல்லவா?

பட்டுநூல்:
விளக்கு போடாததுதான் அந்தக் கொடிக்குச் செய்கிற பெரிய உபகாரம். பட்டு வெளிச்சத்தில் இற்றுப்போகும், சாயமும் வெளுக்கும், ஒருமுறை போனது திரும்ப வராது. இன்றைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு ஐந்து நிமிடம் என்று எல்லாமே கூடிக்கொண்டே போகும். அதனால்தான் துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு போதும் என்று வைத்திருக்கிறார்கள். அப்புறம், பேழைக்குள் கிண்ணங்கள் இருந்ததே, பார்த்தீர்களா? சிலிக்கா ஜெல். கடல் எதிரிலேயே இருக்கிறது, காற்றில் ஈரமும் உப்பும். ஜெல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நிறைந்ததும் எடுத்துச் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்க வேண்டும். வாங்கி வைத்தால் முடிந்தது என்கிற வேலை இல்லை, யாராவது விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மதராஸ்பித்தன்:
கொடிக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். அங்கேயே இருக்கிற, ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலைக்கு என்ன சாக்கு? சலவைக்கல்லை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது, பீடத்தில் 1792இல் திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கிற காட்சி இருக்கிறது. வருகிறவர்கள் பாதிப் பேர் மேலே துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அந்தப் பையன்களை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படமெடுத்து முப்பரிமாணமாக இணைத்துப் போட்டால் வீட்டில் உட்கார்ந்தே பீடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். முதலில் இப்படிப்பட்டதில் கை வையுங்கள், துணியைக் கடைசியில் எடுங்கள் என்பேன்.

பழைய_தாள்:
படம் மட்டும் போட்டால் போதாதுங்க. "பீங்கான் தட்டு, 18ஆம் நூற்றாண்டு" என்று ஒரு வரி எழுதிப் படத்தை ஏற்றினால் யாருக்கு என்ன பயன்? யார் வீட்டிலிருந்து வந்தது, எப்போது பதிவேட்டில் ஏறியது, எங்கே உடைந்து ஒட்டப்பட்டிருக்கிறது, அதெல்லாம் கூடவே வர வேண்டும். பழைய ஆவணங்களில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோட்டையின் அன்றாட ஆலோசனைக் குறிப்பேடுகளை, 1672இலிருந்து தொடங்கி, மதராஸ் அரசு அச்சகம் 1910 முதல் புத்தகமாகவே போட்டது, இன்று இண்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே சங்கடம், அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல் தாறுமாறு, ஒரே ஊரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள், அதனால் தேடும்போது நாலையும் போட்டுப் பாருங்கள். மூல ஆவணம் வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம்தான்.

@கடலோரவாசி மறுபடி போனால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. சட்டமன்றம் நடக்கும் நாளில் வாசலில் சோதனையும் கூடுதலாக இருக்கும்.