புதுப்பிப்பு: ஜாவா அனுப்பிய தமிழ், பைத்தானில் கேள்விக்குறி – தீர்ந்தது

விண்டோஸில் ஓடும் ஜாவா நிரல் சாக்கெட் (இரண்டு நிரல்களை இணைக்கும் தொடர்பு) வழியாக அனுப்பும் தமிழ்ச் செய்தி, பைத்தான் பக்கம் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. பைத்தானில் தேடிப் பயனில்லை. எழுத்து அனுப்பும் இடத்திலேயே தொலைகிறது. உரையைப் பைட்டுகளாக மாற்றும் ஜாவாவின் கெட்பைட்ஸுக்கு (getBytes) எந்தக் குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்று சொல்லாவிட்டால், ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகள் இயங்குதளத்தின் இயல்பான குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் இல்லையென்றால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு '?' தான். தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கம் என்று வெளிப்படையாகக் கொடுத்ததும் தமிழ் முழுசாக வந்தது.

அப்புறம், செய்தியின் வால் வெட்டுப்பட்டது. செய்திக்கு முன்னால் அனுப்பும் அதன் நீளம் எழுத்துக் கணக்கில் இருந்ததுதான் காரணம். 'அம்மா'வுக்கு ஜாவா சொல்லும் நீளம் 5 (புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணும்), யூடிஎஃப்-8-இல் பைட்டுகளோ 15. பைட்டையே எண்ணி அனுப்புங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்தவை மீளாது, மூலத்திலிருந்து மறுபடி அனுப்பத்தான் வேண்டும்.