ரெசிடுவலும் படகுப் பங்கும் ஒன்றா? ஜேம்ஸ் கார்னர் கட்டுரைக்கு உதவி

பாம்பன்_வாடைக்காற்று:
மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. அது முடிவதற்குள் எங்கள் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் கார்னர் பற்றி ஒரு கட்டுரை முடிக்க வேண்டும். படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள். அதனால் ‘நெட் ப்ராஃபிட்’ (செலவு போக மிஞ்சும் லாபம்), ‘ரெசிடுவல்’ (மறுஒளிபரப்புக்கு நடிகருக்கு வரும் தொகை) இரண்டையுமே ‘பங்கு’ என்று எழுதிவிட்டேன். சரியா? 1960இல் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவோடும் 1983இல் யுனிவர்சல் ஸ்டுடியோவோடும் அவர் நடத்திய வழக்குகள் ஒரே சண்டையின் தொடர்ச்சியா? விவரம் தெரிந்த அண்ணன்மார், காக்காமார் சொல்லுங்கள்.

கீழக்கரை_மறுபார்வை:
தொடர்ச்சி இல்லை தம்பி. முதலாவது ஆளைக் கட்டிப்போட்ட ஒப்பந்தத்தைப் பற்றியது. இரண்டாவது கணக்குப் புத்தகத்தைப் பற்றியது.

வார்னருக்காகக் கார்னர் நடித்த ‘மேவரிக்’ தொடர் 1957இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. 1960இல் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, கதை எழுத ஆளில்லை என்று சொல்லி வார்னர் அவருடைய சம்பளத்தை நிறுத்தியது. நிறுவனத்தின் கைமீறிய காரணத்தால் வேலை நின்றால் கூலி தரவேண்டாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. நீதிமன்றத்தில் அந்தச் சாக்குதான் உடைந்தது. வேலைநிறுத்தக் காலத்திலும் வார்னருக்குக் கதைகள் வந்துகொண்டுதான் இருந்தன. எழுதியவர் என்று திரையில் போட்ட பெயர் ‘டபிள்யூ. ஹெர்மானோஸ்’. ஸ்பானிய மொழியில் ஹெர்மானோஸ் என்றால் சகோதரர்கள். ‘வார்னர் பிரதர்ஸ்’ என்பதையே வேட்டி மாற்றிக் கட்டி விட்டிருக்கிறார்கள்! தீர்ப்பு கார்னர் பக்கம் வந்தது, ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார்.

இதற்கு முந்தைய கதையையும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நடிகர் சஸ்பென்ஷனில், அதாவது சம்பளமில்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டுக் கிடந்த நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு கூட்டி நீட்டுவது ஸ்டுடியோக்களின் வழக்கம். ஏழு வருட ஒப்பந்தம் என்றால் காலண்டர்படி ஏழு வருடம்தான் என்று 1944இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியவர் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட். அதுவும் வார்னருக்கு எதிராகத்தான். முன்பணம் தீரும்வரை வேறு படகில் ஏற முடியாது என்ற கட்டைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

தொண்டி_கணக்கப்பிள்ளை:
நெட் ப்ராஃபிட்டுக்குப் ‘பங்கு’ என்பது பொருத்தமான சொல்தான். ஏலத்தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைத்தானே பிரிக்கிறார்கள், கணக்கின் உருவம் அதேதான். ஆனால் சம்மாட்டியே, அதாவது படகு முதலாளியே, ஐஸ் பிளான்ட் வைத்து, ஏலத்தையும் அவரே விட்டு அதற்குக் கமிஷன் எடுத்து, படகு கட்டிய பணத்துக்குத் தனக்குத்தானே வட்டியும் போட்டுக்கொண்டால் என்ன மிஞ்சும்? ஸ்டுடியோ கணக்கு அப்படி. விநியோகக் கட்டணம் முதலில் போகும், பிறகு அலுவலக மேல்செலவு என்று ஒரு சதவீதம், பிறகு தயாரிப்புச் செலவு, அதன்மேல் வட்டி. எல்லாம் அதே வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

தொலைக்காட்சித் தொடரில் நிலைமை இன்னும் மோசம். சேனல் தருகிற உரிமத்தொகை பெரும்பாலும் தயாரிப்புச் செலவை எட்டாது. துண்டு விழுவதை ஸ்டுடியோ கைக்காசு போட்டு நிரப்பும். அந்தத் துண்டும் வட்டியும் மறுவிற்பனையில் அடைபட்ட பிறகுதான் ‘லாபம்’ என்ற வரியே கணக்கில் தெரியும். யுனிவர்சலுக்காகக் கார்னர் நடித்த ‘த ராக்ஃபோர்டு ஃபைல்ஸ்’ 1974 முதல் 1980 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஓடியது, மறுஒளிபரப்பிலும் நன்றாக விற்றது. அப்படியும் லாபமே இல்லை என்றது யுனிவர்சல். பங்குக்காரரான கார்னர் 1983இல் 1.65 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1989இல் சமரசம் ஆனது, தொகையை வெளியிடவில்லை. ஆகவே ‘வழக்கில் வென்றார்’ என்று எழுதாதீர்கள்.

லாபப் பங்கே ஏமாற்று என்றும் முடிவு கட்ட வேண்டாம். 1950இல் இதே யுனிவர்சலோடு நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் சம்பளத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு பேசி நன்றாகவே சம்பாதித்தார். பேசிக் கொடுத்தவர் ஏஜென்ட் லூ வாசர்மன். பின்னாளில் யுனிவர்சலே அவர் கைக்குத்தான் வந்தது, கார்னர் வழக்குப் போட்டபோதும் தலைமையில் அவர்தான்! எந்தச் செலவையெல்லாம் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலம் உள்ள நட்சத்திரங்கள் அதனால்தான் நெட்டை விட்டுவிட்டு கிராஸ், அதாவது செலவு கழிக்குமுன் வரும் தொகையில் பங்கு கேட்கிறார்கள்.

மண்டபம்_முனை:
ரெசிடுவலைப் பங்கு என்று எழுதுவதுதான் தவறு. அது லாபத்தைப் பார்ப்பதே இல்லை. வலையை வாடகைக்கு விட்டவனுக்கு மீன்பாடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாடகை உண்டு, அந்த மாதிரி. கணக்கில் ஒரு டாலர் லாபம் காட்டாத தொடரும் மறுபடி ஒளிபரப்பானால் நடிகருக்குத் தொகை போக வேண்டும். ‘மறுபயன்பாட்டுத் தொகை’ என்று எழுதலாம். ‘ராயல்டி’ வேண்டாம், நடிகருக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. இது சங்க ஒப்பந்தத்தால் வருவது.

ஆண்டுகளில் கவனம் வையுங்கள், பலரும் கோட்டை விடுவது அங்கேதான். சினிமா தொலைக்காட்சிக்குப் போனால் தொகை என்பது 1960 நடிகர் சங்க வேலைநிறுத்தத்தில் கிடைத்தது. அப்போது சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன். 1960க்கு முந்தைய படங்களைச் சங்கம் விட்டுக்கொடுத்தது, பதிலாக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு 22.5 லட்சம் டாலர் வாங்கியது. தியேட்டரில் ஓடுவதற்கு ரெசிடுவல் என்றைக்கும் கிடையாது. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கும் கிடையாது.

தொலைக்காட்சிக்கு வேறு தேதி. 1974 ஒப்பந்தத்துக்கு முன்பு எடுத்த தொடர்களுக்கு முதல் சில மறுஒளிபரப்புகளோடு பணம் நின்றுவிடும். 1964–67இல் வந்த ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ தொடரில் 98 பகுதிகள், தீவில் மாட்டிக்கொண்ட ஏழு பேர். உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப ஓடியும் அதிலிருந்து அந்த ஏழு பேருக்கு ரெசிடுவல் தொடர்ந்து வரவில்லை. ‘மேவரிக்’கும் அந்தப் பழைய காலத்துச் சரக்குதான்.

பாம்பன்_வாடைக்காற்று:
அப்படியானால் இப்படி மாற்றுகிறேன்: “ராக்ஃபோர்டில் கார்னர் கேட்டது பங்கு. மறுஒளிபரப்பில் நடிகர்களுக்கு வருவது வாடகை மாதிரி.” அந்த வாடகை எப்போதும் ஒரே அளவா?

மண்டபம்_முனை:
இல்லை, ஒவ்வொரு மறுஒளிபரப்புக்கும் குறைந்துகொண்டே போகும். கடைசியில் சில சென்டுக்குக்கூடக் காசோலை வரும், அஞ்சல் தலை அதைவிட விலை. உங்கள் இரண்டாவது வரியில் ‘வசனம் பேசும்’ என்று ஒரு சொல்லை ‘நடிகர்களுக்கு’ முன்னால் போடுங்கள்.