அப்பத்தா கண்டாங்கியில் டை தைத்தேன். உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

பள்ளத்தூர்க்காரன்:

மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. தம்பி கல்யாணம். காலையில் வேட்டி, சாயங்காலம் வரவேற்புக்குக் கோட். கடையில் விற்கிற பளபள டை வேண்டாம், நம்மூர்க் கட்டம் போட்ட பருத்திச் சேலை, கண்டாங்கியில் தைத்துப் போடுவோம் என்று எனக்கு ஒரு ஆசை. கேட்டதும் அப்பத்தா பெட்டியைத் திறந்து பழைய சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அரக்கும் மஞ்சளும், அந்தக் கட்டம் உங்களுக்கே தெரியும். ரவிக்கை தைப்பவரிடம் ஒரு கடை டையை மாதிரிக்குக் கொடுத்தேன். தைத்து வந்தது அச்சு அசல் டைதான்.

மேடையேறிப் பத்து நிமிடம் இருக்காது, டை தானாகத் திரும்ப ஆரம்பித்தது. நேராக்கிவிட்டால் மறுபடி திரும்பும். போட்டோ எடுப்பவர் "சார் டை, சார் டை" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அப்புறம் அப்பத்தா மேடைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. டையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி, தையலுக்குள்ளிருந்து வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப் பார்ப்பதைப் பார்த்தார். "உங்க அப்பச்சியத் தொட்டில்ல போட்ட சேலடா இது." அப்பச்சி என்றது என் அப்பாவை. அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார்.

ஆல்பத்தில் பாதிப் படத்தில் டை பின்பக்கம் காட்டிக்கொண்டிருக்கிறது. தப்பு டெய்லர் மீதா, என் மீதா?

தேவகோட்டை ரஸ்தா:

தப்பு உங்கள் மீதுதான் தம்பி. ரவிக்கைக்காரரிடம் டையைக் கொடுத்தது யார்?

எனக்கும் ஒரு தடவை இப்படி ஆனது, கோயம்புத்தூரில் ஒரு மாநாட்டில். பேசி முடிக்கும்வரை டையைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றேன். நெஞ்சு வலியோ என்று ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை விடுங்கள். விஷயம் வெட்டில் இருக்கிறது. டைத் துணியை நேராக வெட்டக் கூடாது. பாவுக்கும் (நீள நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நடுவே 45 டிகிரி சாய்த்து, கிராஸில் வெட்ட வேண்டும். அப்போதுதான் துணி இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும், அவிழ்த்ததும் பழையபடி சேரும், திருகாமல் தொங்கும். நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர் 1920களில் இப்படிச் சாய்த்து வெட்டி, மூன்று துண்டாகச் சேர்த்துத் தைக்கிற முறையைக் கொண்டுவந்தார். இன்றும் நல்ல டை அப்படித்தான் தைக்கப்படுகிறது.

உங்கள் டையில் கட்டம் சதுரமாகவே நிற்கிறதா, சாய்ந்து வைரம் மாதிரி விழுகிறதா? சதுரமாக நின்றால் நேர் வெட்டு, சந்தேகமே வேண்டாம். உள்ளே வைக்கிற கேன்வாஸும் கிராஸில்தான் இருக்க வேண்டும். ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற மொடமொடப்புத் துணியை வைத்தால் அது ஒரு பக்கம் இழுக்கும், சேலை ஒரு பக்கம் இழுக்கும். பின்பக்கத் தையல் மிஷினில் போடக் கூடாது. ஒரே நூலில், கையால், தளர்வாக. கடைசியில் நூல் ஒரு வளையமாக நிற்கும். பிசிறு என்று நினைத்து அதை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்! வாங்குமுன் டையை நடுவில் பிடித்துக் கையில் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்போதே திரும்பினால் கழுத்திலும் திரும்பும். கண்டாங்கி தடித்த பருத்தி, அதற்கு விண்ட்சர் என்கிற பெரிய முடிச்சைப் போட்டால் கழுத்தில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்கும். சாதாரண ஒற்றை முடிச்சே போதும். கோட்டின் மார்பில் மடிந்திருக்கிற லாப்பல் அகலமும் டை அகலமும் ஒத்துப்போக வேண்டும். 2 அங்குல ஒல்லி டை காலம் போய்விட்டது, மூன்றேகால் வையுங்கள்.

கானாடுகாத்தான் பேத்தி:

ரஸ்தா அண்ணே, கொழுக்கட்டை இருக்கட்டும். தொட்டில் கட்டிய சேலையைக் கத்தரித்திருக்கிறார், அதை ஒரு வார்த்தை கேட்கவில்லையே நீங்கள்? காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறியில் புதுச் சேலை கிடைக்கும்போது பழையதில் எதற்குக் கைவைக்க வேண்டும்?

டை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு. எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஐயாவின் ஐயா படம் இருக்கிறது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனபோது ரங்கூனில் எடுத்தது. மேலே கோட்டும் டையும், கீழே வேட்டி. டையில் பட்டைக் கோடு, நடுவில் ஒரு சின்னக் கறை. சின்ன வயதில் அந்தக் கறையை எறும்பு என்று நினைத்துத் துடைக்கப் போவேன். போன வருடம் கோனாபட்டில் ஒரு படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) போயிருந்தோம். அந்த வீட்டு முகப்பிலும் ஒரு பெரியவர் படம். எங்களுக்குப் பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. ஆனால் அதே கோட்டு, அதே பட்டை டை, அதே இடத்தில் அதே எறும்பு!

ஸ்டுடியோக்காரர் டை. வந்தவர் எல்லோர் கழுத்திலும் அதையே மாட்டியிருக்கிறார். நான் அங்கேயே சிரித்துவிட்டேன், ஆத்தா தொடையில் கிள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எங்கள் படத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஐயா பெட்டியில் தேடினால் அந்த டை கிடைக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறேகால் அடி:

ரஸ்தா சார் அகலத்தைப் பற்றிப் பேசுகிறார், நீளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடை டை ஏறக்குறைய 58 அங்குலம். டை நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும் என்பார்கள். எனக்கு அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடும், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

முதல் வேலைக்கான நேர்காணல். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, டை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து அதையே பார்த்தேன். கடைசியில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "உங்க தம்பியோடதா?" வேலை கிடைக்கவில்லை.

பிறகு 63 அங்குலத்தில் அளவு கொடுத்துத் தைத்து வாங்கினேன், துணி பட்டு. வேறு இடத்தில் வேலை கிடைத்து இரண்டு வருடம் கட்டியிருப்பேன். அதற்குள் கொரோனா, வீட்டிலிருந்து வேலை, அப்புறம் அலுவலகத்தில் டையைக் கேட்பவரே இல்லை. கோல்ட்மேன் சாக்ஸே 2019இல் உடை விதியைத் தளர்த்திவிட்டது, நம் மேனேஜர் எம்மாத்திரம்! அலமாரியில் தொங்குகிறது. அதற்காக ஒல்லி டை காலம் போய்விட்டது என்று சொல்ல முடியாது சார். எங்கள் அப்பச்சி 1970களில் கட்டிய டை உள்ளங்கை அகலம், அதுவும் ஒரு காலத்தில் போய்விட்டது என்றார்கள். வந்துகொண்டுதான் இருக்கும்.

கழனிவாசல் டெய்லர்:

நான் தொழில்காரன். ரவிக்கைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். கிராஸ் கட்டிங் அவருக்கும் தெரியும், ரவிக்கையே கிராஸில் வெட்டுகிறவர்தானே. கிராஸில் வெட்டினால் துணி நிறையப் போகும். பள்ளத்தூர்த் தம்பி சேலையை முழுசாகக் கொடுத்தாரா, ஒரு துண்டைக் கொடுத்தாரா? அதைச் சொல்லவே இல்லை.

இப்போது வரவேற்புக்குப் பெண்ணின் சேலை நிறத்திலேயே மாப்பிள்ளைக்கு டை கேட்கிறார்கள். பாதிப் பேர் ஜோத்பூரி கோட்டுக்குப் போய்விட்டார்கள், அதற்கு டையே வேண்டாம், எனக்கு நிம்மதி. போன தையில் ஒரு மாப்பிள்ளை முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறார். கையில் பட்டு ரவிக்கை பிட், ஜரிகை பார்டரோடு, முக்கால் மீட்டர்கூட இல்லை. கிராஸ் போட்டால் நாலு ஒட்டு வரும், ஜரிகை மடியாது, கழுத்தைக் கிழிக்கும் என்றேன். அவர் பேசவில்லை, அந்தப் பிட்டைக் கழுத்தில் சுற்றிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றார். "அவ கேட்டா அண்ணே, முதல் தடவையா ஒண்ணு கேட்டிருக்கா."

ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்தேன். ஒட்டெல்லாம் காலருக்குள் போகிற இடத்தில் வருகிற மாதிரி வைத்தேன். கூலி எவ்வளவு என்று கேட்காதீர்கள், ரவிக்கைக் கூலியில் பாதிதான் கொடுத்தார்கள், துணி சின்னதுதானே என்று.

பள்ளத்தூர்க்காரன்:

டெய்லர் அண்ணே, நீங்கள் கேட்டது சரிதான். முந்தானைப் பக்கம் ஒரு கீற்றுத்தான் கிழித்துக் கொடுத்தேன், சேலை பாழாகக் கூடாது என்று. நீளவாக்கில், நேராக. கட்டம் சதுரமாகத்தான் நிற்கிறது.

கானாடுகாத்தான் ஆச்சிக்கு: தெரியாமல் செய்துவிட்டேன். தொட்டில் விஷயம் மேடையில்தான் எனக்கே தெரியும்.

மீதிச் சேலை அப்பத்தா பெட்டிக்குத் திரும்பிப் போய்விட்டது. இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. டையை மட்டும் அவரே வாங்கிவைத்துக்கொண்டார். நேற்றுப் போனபோது தையலைப் பிரித்துக் கேன்வாஸைத் தனியாக எடுத்துவிட்டு, கீற்றைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்கு அப்பத்தா என்றேன். "கிழிச்ச எடத்துல திரும்பச் சேத்துத் தச்சுருவேன், நீ ஊசில நூலக் கோத்துக் குடு" என்றார். கோத்துக் கொடுத்தேன்.