'கிரவுண்ட்' என்பதற்குத் 'தரை' போதாது: பெருக்கி வயரிங்கில் மூன்று சொற்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே ஒலிபெருக்கி சுற்று, அதாவது ஆம்ப்ளிஃபையர் (பெருக்கி), கட்டுவோருக்கான நம் வழிகாட்டியில், 'கிரவுண்ட்' வரும் இடத்தில் எல்லாம் 'தரை' என்று எழுதிவிடலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். சொல் எளிமையானது, சுருக்கமானது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மூன்று தனித்தனிக் கம்பிகளை ஒரே பெயரால் அழைக்கும் பழக்கம் ஆங்கிலத்திலேயே தொழில் பழகுவோரைத் தடுமாற வைக்கிறது. அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

சுவரிலுள்ள மூன்று பின் சாக்கெட்டின் பெரிய துளையிலிருந்து பச்சைக் கம்பியாக வந்து உலோகப் பெட்டியில் திருகப்படுவது முதலாவது. மின்மாற்றியின் காப்பு கெட்டு 230 வோல்ட் பெட்டிக்கு ஏறிவிட்டால் ஃபியூஸ் எரிந்து ஆளைக் காப்பது அதன் வேலை. மற்ற நேரமெல்லாம் அது சும்மா இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குள் போன மின்னோட்டம் மின்வழங்கிக்குத் திரும்பும் கம்பி இரண்டாவது. அதில் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் ஓடும். உள்ளே வரும் சில நூறு மில்லிவோல்ட் சைகையை (சிக்னலை) எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ, அந்தச் சுழி வோல்ட் மூன்றாவது. அதில் ஏதாவது ஓடினாலே தொல்லைதான். சுற்றுப்படம் வரைவோர் மண்ணுக்கு ஒரு குறி, பெட்டியின் உடலுக்கு ஒரு குறி, சைகைக்கு ஒரு குறி என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். படத்தில் இருக்கும் வேறுபாடு நம் பேச்சில் மட்டும் இல்லை.

பட்டறை வழக்கான 'எர்த்' இன்னும் மோசம். ரப்பர் டயரில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பிக்கு 'எர்த்' என்றே பெயர். அங்கே மண்ணுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. 'பாடிதானே எர்த்து' என்ற அந்தப் பழக்கத்தோடு பெருக்கிக்கு வருகிறவர் முதலில் தடுக்கி விழுவது டி.டி.ஏ. 2030 என்ற பெருக்கிச் சில்லில் (ஐ.சி.). அதற்கு ஐந்து கால்கள்: இரண்டு உள்ளீடு, ஒரு வெளியீடு, பாசிட்டிவ், நெகட்டிவ். 'கிரவுண்ட்' என்றொரு காலே அதில் இல்லை. முதுகிலுள்ள உலோகத் தகடோ மூன்றாம் காலுடன், அதாவது நெகட்டிவ் மின்வழங்கலுடன், உள்ளேயே இணைந்திருக்கிறது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் தரும் இரட்டை மின்வழங்கியில், மின்காப்புக்கான மைக்காத் தகடு வைக்காமல் அதைச் சூடு தணிக்கும் ஹீட் சிங்க்கில் திருகி, ஹீட் சிங்க்கைப் பெட்டியில் திருகினால், எர்த் என்று நம்பிய பெட்டிக்கு நேராக நெகட்டிவ் வந்து நிற்கும். எல்.எம். 3886 என்ற இன்னொரு பெருக்கிச் சில்லில் ஏழாம் காலுக்குக் 'கிரவுண்ட்' என்ற பெயர் உண்டு. ஆனால் ஸ்பீக்கரின் மின்னோட்டம் அதன் வழியாகப் போவதே இல்லை. பெயரை மட்டும் பார்த்து ஸ்பீக்கரின் கறுப்புக் கம்பியை அதனருகே பற்றவைப்பவர் பலர்.

நானும் அந்தப் பலரில் ஒருவன்தான். 18-0-18 மின்மாற்றியும் இரண்டு 3886-களும் வைத்துக் கட்டிய என் முதல் பெருக்கி, பாட்டே இல்லாதபோதும் இரவில் அடுத்த அறைக்குக் கேட்கும்படி முரன்றது. வால்யூமைச் சுழியில் வைத்தாலும் அடங்கவில்லை. சில்லை மாற்றினேன், மின்தேக்கியைப் பெரிதாக்கினேன், பயனில்லை. பிழை ஒரு பற்றவைப்பில் இருந்தது: சைகை உள்ளீட்டு உறைக்கம்பியின் (ஷீல்டு வயர்) வெளிப் பின்னலை, இரண்டு பெரிய மின்தேக்கிகளின் நடுமுனைகளை இணைக்கும் 10 சென்டிமீட்டர் கம்பியின் ஒரு முனையிலும், சில்லின் உள்ளீட்டுப் பகுதியை அதே கம்பியின் மறுமுனையிலும் பிடித்திருந்தேன். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 17 மில்லிஓம் என்றால், அந்தத் துண்டுக்கு 1.7. மாறுமின்னோட்டத்தை நேராக்கும் டையோடு பிரிட்ஜ் வழியே மின்தேக்கிகளை நிரப்பும் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை துடிப்பாக அந்தத் துண்டில்தான் பாய்கிறது. துடிப்பின் உச்சம் வெறும் ஓர் ஆம்பியர் என்று வைத்தாலும் 1.7 மில்லிவோல்ட், பெருக்கம் 21 மடங்கு என்பதால் ஸ்பீக்கரில் ஏறத்தாழ 36 மில்லிவோல்ட். பாட்டு உரக்க ஒலிக்கும்போது துடிப்பு பல மடங்காகும். அந்தப் பின்னலைக் கழற்றி மறுமுனைக்கு, சில்லின் பக்கத்துக்கே, கொண்டுபோனதும் சத்தம் அடங்கியது. இரண்டு முனைகளும் 'கிரவுண்ட்' என்பதால் இரண்டும் ஒன்றே என்று எண்ணியதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை, ஒரு மாதத் தூக்கம் கெட்டது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கணினிக்கும் மூன்று பின், பெருக்கிக்கும் மூன்று பின். இடையே ஆடியோ கம்பியையும் மாட்டினால் சுவர் வழியாக ஒரு வளையம் மூடிக்கொண்டு 50 ஹெர்ட்ஸ் முரல் கேட்கும். அப்போது 'கிரவுண்டை எடுத்துவிடு, சரியாகிவிடும்' என்று யாரோ சொல்ல, நம்மவர் பிளக்கின் மூன்றாம் பின்னைக் கழற்றி எறிகிறார். முரல் நிற்கிறது; காப்பும் போகிறது. உண்மையில் செய்ய வேண்டியது, பச்சைக் கம்பியைப் பெட்டியில் இறுக்கமாக விட்டுவிட்டு, பெட்டிக்கும் உள்ளேயுள்ள சுழி வோல்ட்டுக்கும் நடுவில் ஒரு 10 ஓம் மின்தடையையும், அதற்கு இணையாக எதிரெதிர்த் திசையில் தாங்குதிறன் மிகுந்த இரு டையோடுகளையும் வைப்பது. 'தரையை எடு' என்று தமிழில் எழுதினாலும் வெட்டப்படுவது அதே பச்சைக் கம்பிதான்.

ஆகவே என் முன்மொழிவு இது. பச்சைக் கம்பிக்குப் 'புவி இணைப்பு'. இலங்கைப் பாடநூல்களின் உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, புவிக்கம்பி என்ற வரிசையோடும் இது ஒத்துப்போகும். மின்னோட்டம் திரும்பும் கம்பிக்கு 'மீள்தடம்'. மீள்பார்வை, மீள்குடியேற்றம் ஆகியவற்றைப் போல இதுவும் 'மறுபடியும்' என்ற பொருள் தருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். போனவன் மீண்டான் என்னும் வினைப்பொருள் இன்னும் உயிரோடு இருப்பதால் எனக்கு அந்த அச்சம் இல்லை. ஸ்பீக்கரில் ஓடுவது மாறுமின்னோட்டம், அதில் போவதேது மீள்வதேது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் எந்த மொழியிலும் இந்தக் கம்பிக்கு அரை உண்மைக்கு மேல் பெயர் கிடைக்காது. மூன்றாவதற்குச் 'சுழிநிலை'. முதலில் 'சுழிமுனை' என்றுதான் நினைத்தேன். சித்தர் பாடல் படித்தவர்கள் அதைச் சுழுமுனை என்று வாசித்து, பெருக்கியில் குண்டலினியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

எல்லா மீள்தடங்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் முறைக்கு ('ஸ்டார் கிரவுண்ட்') 'விண்மீன் தரை' என்ற நேர்பெயர்ப்பு வேண்டாம். அதைக் கேட்டு யாருக்கும் எதையும் எங்கும் பற்றவைக்கத் தோன்றாது. 'மீள்சந்தி' எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் டையோடு பாடத்தில் பி-என் சந்தி ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. 'மீள்கூடல்' என்கிறேன். பல தடங்கள் வந்து கூடுவதையும், கூடும் இடத்துக்கு ஒரு மேல்பக்கமும் கீழ்பக்கமும் உண்டு என்பதையும் ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். இங்கும் வரிசை முக்கியம்: மின்தேக்கிகளின் நடுமுனைகள் ஒன்றோடொன்று முதலில் இணைய வேண்டும், அந்த இணைப்பிலிருந்து தனியாக ஒரு குட்டைக் கம்பி புறப்பட்டு மீள்கூடலுக்கு வர வேண்டும், ஸ்பீக்கர் மீள்தடங்கள் அதில் சேர வேண்டும், சுழிநிலைக் கம்பி, துடிப்பு எட்டாத கடைசி முனையில் தொட வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. உள்ளீட்டு ஆர்.சி.ஏ. சாக்கெட்டிலிருந்து வால்யூமுக்குப் போகும் உறைக்கம்பியின் பின்னல், சைகைக்கு மீள்தடமாகவும் இருக்கிறது, சுழிநிலையைச் சுமந்தும் போகிறது. இப்போதைக்கு வரைவில் 'சுழிநிலைப் பின்னல்' என்று எழுதியிருக்கிறேன். வயரிங் படத்துக்குப் பெயரிடும் முன், இதற்குப் பொருத்தமான வேறு சொல் தோன்றுவோர் எழுதுங்கள்.