ஊமல் (பனங்கொட்டை ஓடு) கரியால தண்ணியில இருக்கிற நைத்திரேற்றை எடுக்கேலுமோ?

வணக்கம் உறவுகளே, ஒரு உதவி வேணும். எங்கட வீடு உரும்பிராய்ப் பக்கம், கிணத்தடியோட வெங்காயத் தோட்டம், போடுற யூரியா எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால நேர கீழ இறங்கிறது தெரிஞ்ச கதைதானே. கிணத்துத் தண்ணியைச் செக் பண்ணினா நைத்திரேற்று லீற்றருக்கு 72 மில்லிகிராம், குடிக்க 50க்குள்ள இருக்கோணும். அம்மா கொதிக்க வச்சாச் சரியெண்டு நிக்கிறா, வத்த வத்தக் கூடும் எண்டாக் கேக்கிறாவே இல்லை.

கம்பஸ் புரொஜெக்டுக்கு ஊமல் கரியை ஆக்டிவேட் பண்ணி (நுண்துளை கூட வரச் செய்து) வச்சிருக்கிறன். மெதிலீன் நீலச் சாயம் கலந்த தண்ணியை விட்டா கொஞ்ச நேரத்தில கண்ணாடி மாதிரித் தெளியுது, ஆனா நைத்திரேற்று 72இல இருந்து 70, அவ்வளவுதான். நுண்துளை எவ்வளவு இருந்தென்ன, நைத்திரேற்று எதிரேற்றம், பிடிக்கிறதுக்கு நேரேற்ற மேற்பரப்பு வேணும். மீசோபோரஸ் சிலிக்காவில (நுண்துளை உள்ள சிலிக்கா) நேரேற்றம் எடுக்கக்கூடிய அமீன் கூட்டங்களை ஏத்திச் செய்யினம், அதைக் கரியில செய்து பாத்தாக்கள் ஆரும் இருக்கிறியளோ? ஏத்தினது கழண்டு தண்ணிக்குள்ள வராதோ? உப்புத்தண்ணியால கழுவித் திரும்பப் பாவிக்கேலுமோ?

பிஈடி (BET) சோதனை, அதான் கரியின்ர மேற்பரப்பளவு அளக்கிறது, குறைஞ்ச காசில எங்க செய்யலாம் எண்டும் சொல்லுங்கோ, ஒரு இடத்தில சாம்பிளை வாங்கி வச்சிட்டு ரெண்டு மாசமாப் பதிலே இல்லை.