பாட்டினாவுக்குத் தமிழ்ச் சொல்: ‘நாட்படலம்’ சரியாக வருமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

படையினர் பயன்படுத்திய பழம்பொருள்களைச் சேகரிக்கும் நாம், நம் கையேட்டுக்காகத் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்துவருகிறோம். அதில் அத்தகைய பொருள்களைக் குறிக்கும் மிலிட்டேரியாவுக்குப் (militaria) ‘படைசார் பழம்பொருள்’ என்று முடிவானதில் மகிழ்ச்சி. ‘படைக்கலம்’ என்று வைத்திருந்தால் ஆயுதத்தோடு நின்றிருக்கும். சீருடைப் பொத்தான், இடைவார், தோட்டாப் பை, தண்ணீர்க் குப்பி எல்லாம் வெளியே போயிருக்கும். அதைப் பற்றி மேலும் பேச ஒன்றும் இல்லை.

அடுத்தது பாட்டினா (patina), அதாவது பழைய பொருளின் மேற்பரப்பில் காலம் ஏற்றும் நிறமும் தோற்றமும். சொற்பட்டியலில் எனக்கு மிகவும் வேண்டிய சொல் இதுதான். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு ஒரு செப்பு மருந்துக்குடுவை வந்தது. புதியவர்களுக்காக: உலோகத் தோட்டா பரவுவதற்கு முன், வெடிமருந்தைக் கையோடு கொண்டுபோகப் பயன்பட்ட குடுவை இது. பித்தளை வாயில் ஒரு சிறு நெம்பு இருக்கும். வாய்க்குழாயை விரலால் மூடி, குடுவையைக் கவிழ்த்து நெம்பை அழுத்தி விட்டால் ஒரு வேட்டுக்கு வேண்டிய மருந்து மட்டும் வாய்க்குழாயில் தங்கும். 19ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டில் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி போன்றவர்கள் இவற்றை ஏராளமாகச் செய்தார்கள். என்னுடையதில் வேட்டைநாயும் பறவையும் புடைப்பாக இருந்தன. விற்றவர், “கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, துலக்கினால் போய்விடும்” என்றார். நானும் பித்தளை துலக்கும் பசையை எடுத்து ஒரு மாலை முழுவதும் தேய்த்தேன். குடுவை புதுச் செம்பாகப் பளபளத்தது. நாயின் விலாவிலும் பறவையின் இறகிலும் பள்ளங்களில் தங்கியிருந்த கருமை போனதும் அந்த உருவங்களே தட்டையாகிவிட்டன. செய்தவர்கள் பூசியிருந்த மெல்லிய அரக்கு மெருகில் எஞ்சியிருந்ததும் அதோடு போனது. விஷயம் தெரிந்த ஒரு பெரியவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. “இந்த நிறம் வர எத்தனை வருஷம் ஆகியிருக்கும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று எனக்குத் தெரிந்த சொற்கள் மூன்று: அழுக்கு, துரு, களிம்பு. மூன்றுமே தேய்த்து எடுக்க வேண்டியவை. வைத்துக் காப்பாற்ற வேண்டியது என்று சொல்ல ஒரு சொல் இருந்திருந்தால் என் கை தயங்கியிருக்கும். அந்தத் தயக்கத்தை உண்டாக்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

இனி வந்த பரிந்துரைகள்.

> களிம்பு என்று பழைய சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

களிம்பு அருமையான சொல், ஆனால் இரண்டு தடை இருக்கிறது. ஒன்று, இன்று யாரிடம் சொன்னாலும் புண்ணுக்குத் தடவும் மருந்து என்றுதான் நினைப்பார்கள். இரண்டாவது பெரிய தடை. சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பு என்றால் உயிரை மூடிய ஆணவ மலத்துக்கு உவமை. நம் மொழியில் அந்தச் சொல் நீங்க வேண்டியதையே குறித்து வந்திருக்கிறது. அதைப் போய்க் காக்க வேண்டியதற்குப் பெயராக்கினால் சொல்லோடு நாமே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். களிம்பை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம். தோல் வாரில் அடித்த பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சை மெழுகு போலத் திரண்டு நிற்குமே, தோலில் ஏற்றிய கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டாவது, அதுதான் களிம்பு. அதை மரக்குச்சியால் மெதுவாக எடுத்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

> காலமெருகு. சொல்லும்போதே அழகாக இருக்கிறது.

அழகுதான். இரண்டு நாள் நானும் இதன் பக்கமே இருந்தேன். ஆனால் மெருகு என்றால் பளபளப்பு, மெருகு போடுதல் என்றால் தேய்த்தல். ‘காலமெருகைக் காக்கவும்’ என்று எழுதினால், பளபளப்பாக வைத்திரு என்று படித்துக்கொண்டு ஒருவர் துணியைத் தேடிப் போவார். இரும்பில் காலம் தருவது பளபளப்பு இல்லை. மங்கலான சாம்பல், பழுப்பு, சில இடங்களில் கருமை.

> பழமைப்பூச்சு?

பூச்சு என்றால் ஒருவர் கையால் பூசியது. படைசார் பழம்பொருளில் இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்கவே முடியாது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய துப்பாக்கிக் குழலில் பழுப்பு நிறம் இருந்தால் அது இரண்டு வழியில் வந்திருக்கலாம். செய்தவரே கொடுத்த நிறமாக இருக்கலாம். குழலில் அமிலக் கரைசலைத் தடவித் துருப்பிடிக்க விடுவார்கள், பொடியாக நிற்பதைத் தேய்த்து எடுப்பார்கள், மறுபடி தடவுவார்கள். இப்படிப் பல முறை செய்து, விரும்பிய பழுப்பு வந்ததும் நிறுத்தி எண்ணெயோ மெழுகோ பூசுவார்கள். அதே துருவை ஒவ்வொரு சுற்றிலும் கொதிநீரில் போட்டு எடுத்தால் சிவப்பு கருப்பாக மாறும். நீலக்கருமைக் குழல்கள் பல அப்படி வந்தவைதான். ஆக, துருவையே ஒரு வேலைப்பாடாக ஆக்கியிருக்கிறார்கள். இதற்குப் ‘பழுப்பூட்டல்’, ‘நீலமூட்டல்’ என்று முன்பே வைத்துவிட்டோம்.

இரண்டாவது வழி காலம். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் காலாட்படை மஸ்கெட்டின் (குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இடும் நீண்ட துப்பாக்கி) குழல் வெள்ளிபோலப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது விதி. செங்கற்பொடி வைத்துத் தேய்ப்பது சிப்பாயின் வேலைகளில் ஒன்று. அப்படிப்பட்ட குழல் இன்று பழுப்பாக இருந்தால் அது யாரும் பூசியதல்ல, அந்தச் சிப்பாய் கீழே வைத்த பிறகு வந்தது. நிறம் ஒன்று, வரலாறு இரண்டு. ‘பூச்சு’ என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

‘படிவு’ என்று யோசித்தவர்களுக்கும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். படிவு வெளியிலிருந்து வந்து தங்குவது, தூசு போல, வண்டல் போல. இது அப்படி இல்லை. உலோகத்தின் மேற்பரப்பே காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது. செம்பில் முதலில் செம்பழுப்பு ஆக்சைடு, அப்புறம் கருமை, நீண்ட காலத்தில் சில இடங்களில் பச்சைக் கார்பனேட். 1681இல் இத்தாலியில் வெளியான கலைச்சொல் அகராதி ஒன்று, ஓவியங்களின் மேல் காலம் ஏற்றும் கருமை என்று பாட்டினாவுக்குப் பொருள் சொல்லி, ஓவியர்கள் இதைத் ‘தோல்’ என்றும் அழைப்பதாகக் குறிக்கிறது. தோல் வெளியிலிருந்து ஒட்டியது இல்லையே. எனக்கு அந்தப் பார்வை மிகவும் பிடித்தது.

அதனால் என் பரிந்துரை: நாட்படலம்.

நாள் + படலம். ‘ஆக்சைடு படலம்’ என்று வேதியியல் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். பூசியதா படிந்ததா என்று படலம் எதுவும் சொல்வதில்லை, இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ‘நாள்’ சேர்ந்ததும் எதனால் வந்தது என்பது விளங்கிவிடுகிறது. ‘நாட்பட்ட’ என்ற பழகிய சொல்லின் ஓசையும் கூடவே கேட்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: நாட்படலம் ஏறிய பித்தளை, நாட்படலம் கலையாத பூண், நாட்படலம் நீக்கப்பட்டது. எங்கும் இடறவில்லை. போலிக்கும் இடம் தருகிறது. அம்மோனியா ஆவியில் வைத்தோ பொட்டாசியம் சல்ஃபைடில் முக்கியோ ஒரே வாரத்தில் கருக்கவைத்த புதுக் குடுவைக்குப் ‘பொய் நாட்படலம்’ எனலாம். கை பட்டுத் தேயும் மேட்டிலும் கை எட்டாத பள்ளத்திலும் ஒரே நிறம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று கையேட்டில் எழுதுகிறோமே, அந்தப் பத்திக்கு இந்தச் சொல் அவசியம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. புறநானூற்றின் 95ஆம் பாட்டு நம்மில் பலருக்கும் மனப்பாடம். தொண்டைமானின் கொட்டிலில் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி நிற்கும் படைக்கலங்களை ஔவையார் பார்க்கிறார். அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். எது வரலாறு உள்ள ஆயுதம் என்று கேட்டால் அந்தப் பாட்டு இரண்டாவதைத்தான் காட்டும். துலக்கித் துலக்கி நாம் நம் பொருள்களை எல்லாம் தொண்டைமானின் கொட்டிலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நெய்யைக் குறை சொல்லவில்லை. இரும்புக்கு மெல்லிய எண்ணெய் எப்போதும் வேண்டும்.

பாட்டினா என்றே வைத்துக்கொள்ளலாம் என்றவர்களுக்கு: மஸ்கெட்டையும் பயோனெட்டையும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) அப்படியே எடுத்துக்கொண்டோம், எனக்கு மறுப்பில்லை. அவை பொருளின் பெயர்கள், கையில் எடுத்துக் காட்டிவிடலாம். இது அப்படியல்ல. சொல்லைக் கேட்டதும் கருத்து எழ வேண்டும்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

அன்புடன்.

* * *

> ஐயா, நாட்படலத்தை ஏற்கிறேன். ஆனால் இரண்டு ஐயம். ஒன்று, மரக் கட்டை. மஸ்கெட்டின் கழுத்துப் பகுதியில், கை பிடித்துப் பிடித்து ஏறிய அந்த வழவழப்பைப் படலம் என்று சொல்ல மனம் வரவில்லை. உளியின் கைப்பிடியில் வருவதுதானே அது? நாங்கள் அதைக் கைமெருகு என்போம். இரண்டு, துருவையும் நாட்படலம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பொருளை அழியவிட்டால் என்ன செய்வது? ‘காக்க வேண்டியது’ என்று சொல்லிக் கொடுத்தால் எல்லாவற்றையும் காப்பார்கள்.

* * *

அம்மா, வணக்கம்.

கைமெருகை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மெருகுக்கு நான் சொன்ன தடை இங்கே எழவில்லை, ஏனென்றால் இது உண்மையாகவே தேய்ந்து வந்த பளபளப்பு. தேய்த்தது துணியல்ல, உள்ளங்கை. கட்டையில் கன்னம் பதியும் இடத்தையும் இதில் சேர்க்கலாம். மரம், கொம்பு, தோல் மூன்றுக்கும் கைமெருகு, உலோகத்துக்கு நாட்படலம். நான் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் தேடியது தவறு.

இரண்டாவது ஐயம் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. நீங்கள் சொல்வது நடக்கும். நாட்படலத்துக்கு எல்லை போட வேண்டுமானால் அதன் பக்கத்து வீட்டுச் சொற்களும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பரவுதுரு. ஆரஞ்சுச் சிவப்பாக, விரலில் பொடியாக ஒட்டுவது. அது நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அடியில் உள்ள இரும்பைத் தொடர்ந்து தின்னும்; விட்டால் குழி விழும். பழுப்பாக, கெட்டியாக, துணியில் ஒட்டாமல் இருந்தால் அது அடங்கிய துரு. இரும்பின் நாட்படலம் என்று அதைத்தான் சொல்கிறோம். பரவுதுருவை எண்ணெய் ஊறவைத்துத் தளர்த்தி எடுக்க வேண்டும், அடியில் இருக்கும் பழுப்பைத் தொடாமல். ‘பரவு’ என்ற வினை உள்ளே இருப்பதால், அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

இரண்டாவது, வெண்கல நோய். ஏற்கெனவே புழங்கும் பெயர்தான், மாற்ற வேண்டாம். வெளிர்பச்சைப் பொடிப் புள்ளிகளாகக் கிளம்பும். உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு, ஈரமும் காற்றும் கிடைத்ததும் அமிலமாகி மேலும் செம்பைக் கரைக்கும், அந்தச் சுழற்சி தானாக நிற்காது. மண்ணிலிருந்து எடுத்த பொத்தான்களிலும் வார்ப்பூட்டுகளிலும் அடிக்கடி வருகிறது. ஈரப்பதம் குறைந்த இடத்தில் தனியாக வைக்க வேண்டும். நல்ல பச்சை நாட்படலம் நகத்தால் கீறினாலும் பொடியாகாது, வேறுபாடு அங்கேதான்.

மூன்றாவது ஈயத்துக்கு: வெண்பொடி அரிப்பு. பழைய மஸ்கெட் குண்டுகளை ஓக் மரப் பெட்டியில் வைத்தால், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அந்தப் பொடி நஞ்சு, ஊதவோ வெறுங்கையால் துடைக்கவோ கூடாது. இதை நாட்படலத்தோடு யாரும் குழப்பிவிடக் கூடாது என்பதால்தான் ‘அரிப்பு’ என்று வெளிப்படையாக வைத்தேன்.

கையேட்டின் விவர அட்டையில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். முன்பு பொருளின் நிலை என்ற கட்டத்தில் ‘பழையது, துரு உண்டு’ என்று ஒரே வரியில் முடிப்போம். இப்போது இப்படி வருகிறது:

“மருந்துக்குடுவை, செம்பு, பித்தளை வாய். உடலில் நாட்படலம் கலையவில்லை. பள்ளங்களில் கருமை முழுமை. வாய்த்திருகின் அடியில் களிம்பு, நீக்கலாம். நெம்பின் எஃகு வில்லில் பரவுதுரு, உடனே கவனிக்கவும். துலக்க வேண்டாம்.”

என் பழைய குடுவைக்கும் ஒரு அட்டை எழுதினேன்: “நாட்படலம் நீக்கப்பட்டது, மீண்டும் ஏறிவருகிறது.” நாயின் காதடியில் இப்போது லேசான பழுப்பு தெரிகிறது.

அன்புடன்.