வைவாக்ஸ் மலேரியா, ஜி6பிடி குறைபாடு: தம்பி பிரைமாகுயின் குளிசை எடுக்கலாமா?

களுவாஞ்சிக்குடி அக்கா
தம்பி எத்தியோப்பியாவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சுப்பவைசராக இருந்துவிட்டு அண்மையில்தான் ஊருக்கு வந்தான். வந்த கொஞ்ச நாளில் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். டெங்கு என்றுதான் நினைத்தோம், சோதித்தால் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. குளோரோகுயின் கொடுத்ததும் காய்ச்சல் விட்டுவிட்டது. இனி பிரைமாகுயின் 14 நாளைக்குத் தரப்போகிறார்களாம்.

ஆனால் அவன் பிறந்த கையோடு கடும் செங்கமாரி வந்து லைட்டுக்குக் கீழ் வைத்திருந்த பிள்ளை. அப்போது எழுதிய துண்டை அம்மா வைத்திருக்கிறா. ‘ஜி6பிடி குறைவு’ என்று அதில் இருக்கிறது, இரத்தத்தில் உள்ள ஏதோ நொதியாம். வார்டில் இன்னும் காட்டவில்லை. “காய்ச்சல்தான் விட்டுட்டே, அந்தக் குளிசை என்னத்துக்கு?” என்கிறா அம்மா. எடுக்காமலே விட்டால் என்ன? எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், அவனுக்கும் இது வருமா?

பழைய லெப்காரன், அக்கரைப்பற்று
தங்கச்சி, முதல் குளிசை வாய்க்குள் போகுமுன் அந்தத் துண்டு டாக்டரின் கைக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

குளோரோகுயின் இரத்தத்தில் உள்ள கிருமியைத்தான் கொல்லும். வைவாக்ஸ் ஈரலுக்குள்ளும் ஒளிந்து உறங்கும். சில வாரத்திலோ பல மாதம் கழித்தோ எழும்பி மறுபடி காய்ச்சலைத் தரும். அதை அழிக்கத்தான் பிரைமாகுயின். அதனால் அம்மா சொல்வதுபோல் சும்மா விடவும் முடியாது.

சிவப்பணுவை இந்த மருந்தின் தாக்கத்திலிருந்து காப்பது ஜி6பிடி என்ற நொதி. அது குறைந்தவர்களுக்கு அணுக்கள் உடையும். விசேஷ சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அணுவின் ஓரத்தில் சிறு மணிகள் ஒட்டியிருப்பது தெரியும். ஹைன்ஸ் மணிகள் என்போம். ஆளுக்குத் தெரிவது வேறு: சலம் (சிறுநீர்) கடும் கபில நிறமாகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். கடுமையானால் இரத்தம் ஏற்ற வேண்டி வரும்.

இப்படியானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வேறு முறை இருக்கிறது. தினமும் இல்லாமல் வாரம் ஒருமுறை, கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம், 8 வாரம். 60 கிலோ ஆளுக்கு 45 மில்லிகிராம் வரும். ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டு டாக்டர்தான் கொடுக்க வேண்டும். கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே தொடங்கிவிடாதீர்கள்! ஒரே தடவையில் முடியும் டஃபெனோகுயின் பற்றி யாராவது சொன்னால் தம்பிக்கு அது வேண்டாம். நொதி வழமையான அளவில் 70 வீதத்துக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் அது.

இன்னொன்று. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில். 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. ஆனால் நுளம்பு எங்கேயும் போகவில்லை. 1963இல் நாடு முழுக்க 17 பேர் என்று சந்தோஷப்பட்டு, சில வருடத்திலேயே இலட்சக்கணக்கில் திரும்பி வந்த கதையும் நமக்கு உண்டு. மலேரியா தடை இயக்கக்காரர் வீடு தேடி வந்தால் சினக்காதீர்கள்.

காரைதீவு மருமகன்
எனக்கும் இந்தக் குறைபாடு இருக்கிறது, என் மாமாவுக்கும் (அம்மாவின் அண்ணன்). நம்ம பக்கம் குடி (குலப் பிரிவு) தாய்வழி வருவதுபோல், ஆண்பிள்ளைக்கு இது தாயிடமிருந்துதான் வரும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வராது, ஆனால் மகள்மார் எல்லாருக்கும் அந்த மரபணு போகும். அக்கா, அம்மா அதைச் சுமப்பவர் என்றால் உங்களுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் மகனுக்கும் அதே பாதிக்குப் பாதி. ஊகிப்பதை விட இரண்டு பேரும் சோதிப்பது நல்லது.

நான் சாதாரணமாகத்தான் இருக்கிறேன். பரசிட்டமோல் எடுப்பேன். டாப்சோன், நைட்ரோஃபுரன்டோயின் என்ற மருந்துகளின் கிட்டவும் போகமாட்டேன், அலுமாரியில் நப்தலீன் உருண்டையும் போடுவதில்லை.

பழைய லெப்காரன், அக்கரைப்பற்று
மருமகன் சொன்னது சரி. சோதனைக்கு ஒரு குறிப்பு: அணுக்கள் உடைந்த கையோடு எடுத்தால், புதிதாக வந்த அணுக்களில் நொதி கூடுதலாக இருப்பதால் குறைபாடு மறைந்து சரியாக இருப்பதுபோல் காட்டும். பழைய துண்டில் ‘குறைவு’ என்று இருக்க, புதுச் சோதனை ‘சரி’ என்று வந்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

களுவாஞ்சிக்குடி அக்கா
துண்டைக் காட்டினோம். பிரைமாகுயினை நிறுத்தி வைத்துவிட்டு, நொதி அளவையும் ஹீமோகுளோபினையும் பார்க்க இரத்தம் எடுத்திருக்கிறார்கள். வாரக் குளிசையாகத்தான் வரும் போலிருக்கிறது. தம்பிதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், டிக்கட் திகதியை மாற்ற வேண்டுமாம். அம்மா மாமாமார் எல்லாருக்கும் கோல் எடுத்து, சின்ன வயதில் யாருக்குச் செங்கமாரி வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறா.